வெள்ளைக்காரன் காலத்துக் காசு: அசலா, போலியா? வாசகர் கேள்வி பதில்

பழைய காசைப் பற்றி வரும் கேள்விகளில் முன்பெல்லாம் "இது எத்தனை ரூபாய்க்குப் போகும்?" என்பதுதான் அதிகம். இப்போது "இது ஒரிஜினல்தானா?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறீர்கள். நல்ல முன்னேற்றம். அதனால் இந்த முறை போலி பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

தாத்தாவின் மரப்பெட்டியில் செம்புக் காசு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமார். மறுபக்கம் தாமரை, 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818' என்ற எழுத்து. இது கோடிக்கணக்கில் போகும் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்கிறார். விற்கலாமா? – வாசகர், தேனி

விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம், வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். கம்பெனி இப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. இதே காசு 1616, 1717, 1818, 1839 என்று விதவிதமான ஆண்டுகளோடு சுற்றுகிறது. எல்லாவற்றிலும் அதே ராமர், அதே தாமரை, அதே தடித்த எழுத்து. சிலவற்றில் 'யு.கே.' என்றுகூடப் போட்டிருப்பார்கள். கொஞ்சம் யோசியுங்கள். 1616 ஜனவரியில்தான் தாமஸ் ரோ அஜ்மீரில் ஜஹாங்கீர் முன்னால் நின்று, வியாபாரம் செய்ய எங்களுக்குச் சலுகை கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். சென்னையில் கோட்டை கட்ட இடம் கிடைத்ததே 1639இல். 'யுனைடெட் கிங்டம்' என்ற பெயர் வந்தது 1801இல். அப்படியிருக்க 1717ஆம் ஆண்டுக் காசில் 'யு.கே.' எப்படி வரும்?

இவை கோயில் வாசலிலும் சுற்றுலாத் தலங்களிலும் விற்ற பூஜை வில்லைகளின் வழியில் வந்தவை. ராம டங்கா என்று பூஜைக்காக வில்லை செய்யும் வழக்கம் பழையது, அதில் தப்பில்லை. யாரோ ஒரு புண்ணியவான் அதில் கம்பெனி பெயரைச் சேர்த்துவிட்டார், அங்கிருந்து பிடித்தது சனி. உங்கள் தாத்தா யாரையும் ஏமாற்றியிருக்க மாட்டார். சாமி படம் இருக்கிறதே என்று வாங்கிப் பெட்டியில் வைத்திருப்பார்.

வந்தவர் அடுத்து என்ன செய்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காசில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும் என்பார். 'ரைஸ் புல்லிங்' என்ற இந்த மோசடியில் நம் ஊரில் நிலத்தை விற்றுப் பணம் கொடுத்தவர்கள் உண்டு. அரிசியில் இரும்புத்தூளை ஏற்றி, காசுக்கு அடியில் காந்தத்தை வைத்துவிட்டால் அரிசி நகரத்தான் செய்யும். சோதித்துப் பார்க்க லேப் கட்டணம், விஞ்ஞானி வருவதற்குச் செலவு என்று உங்களிடம்தான் பணம் கேட்பார்களே தவிர, அவர்கள் பையிலிருந்து ஒரு பைசா வராது. ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் போலீசில் புகார் கொடுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

ஒரு கொசுறு: ராமரும் சீதையும் உள்ள நிஜமான காசு ஒன்று உண்டு. அதை வெளியிட்டவர் அக்பர், தன் ஆட்சியின் கடைசிக் காலத்தில்.

ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஆறு வாங்கினேன். வெள்ளி விலையைவிடக் குறைவாகவே கொடுத்தார், அதனால்தான் இப்போது பயமாக இருக்கிறது. வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா? – வாசகி, திருப்பூர்

பயந்தது சரிதான். ஒரு ரூபாய்க் காசில் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. விற்பவருக்கும் அது தெரியும். உருக்குகிறவரிடம் போட்டாலே கிடைக்கும் காசைவிடக் குறைத்து உங்களுக்குக் கொடுக்க அவருக்கு என்ன கட்டாயம்?

முதலில் எடை. 1835இல் கம்பெனி நாடு முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று கொண்டுவந்தபோது வைத்த கணக்கு 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். ஒரு தோலா என்று பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான். நான்காம் வில்லியம், விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் என்று முகம் மாறியதே தவிர எடை மாறவில்லை. அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92. இரண்டு தசமம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பழைய காசு சேர்க்கிறவருக்கு அது இல்லாமல் முடியாது. கைமாறித் தேய்ந்த காசு 11.3, 11.4 என்று காட்டும், தப்பில்லை. ஆனால் தேய்மானத்தில் எடை குறையுமே தவிர ஏறாது. ராஜாவின் மீசையே தெரியாத அளவுக்குத் தேய்ந்த ஒரு காசு, தராசில் அப்பழுக்கில்லாமல் 11.66 என்று நின்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும், 11.9 காட்டினால் சந்தேகமே வேண்டாம், போலிதான்.

எடையைச் சரிக்கட்டுவது போலிக்காரருக்குப் பெரிய வேலையில்லை, அதனால் அடுத்தது தண்ணீர்ச் சோதனை. கண்ணாடி டம்ளர் வேண்டாம், தராசு தாங்காது, ஒரு பேப்பர் கப்பில் முக்கால்வாசி தண்ணீர் வைத்துத் தராசைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய தையல் நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி கையில் பிடியுங்கள், காசில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் ஆட்டி உதிர்த்துவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அதன் அடர்த்தி கிடைக்கும். நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி உள்ள அசல் ரூபாய்க்குத் தராசு 1.13 பக்கம் காட்டும், அடர்த்தி 10.3. ஜெர்மன் சில்வரில் செய்தது என்றால் அதே எடைக்கு 1.35ஐ ஒட்டி வரும், அடர்த்தி எட்டரைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஜெர்மன் சில்வர் என்று பெயர்தான், செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை அது, வெள்ளி துளிகூடக் கிடையாது.

இதிலேயே இன்னொரு தடயமும் இருக்கிறது. லேசான உலோகத்தில் அதே எடையைக் கொண்டுவர வேண்டும் என்றால் காசைத் தடிமனாக்கித்தான் ஆக வேண்டும், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. நம்பகமான ரூபாய் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி வைத்து விரலால் தடவினாலே பிடிபடும்.

அப்புறம் விளிம்பு. எனக்கு யாராவது காசு கொடுத்தால் நான் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, விளிம்பைத்தான் திருப்புவேன். போலி செய்கிறவர் ராஜா தலைக்கு எடுத்துக்கொள்ளும் சிரத்தையை விளிம்புக்குக் காட்டுவதில்லை. அசலில் வரிகள் நெருக்கமாக, ஒரே இடைவெளியில், சுற்றிவர ஒழுங்காக ஓடும். வார்ப்புப் போலியில் இரண்டு அச்சும் சேரும் இடத்தில் நடுவே ஒரு கோடு தெரியும். அதை அரத்தால் ராவியிருந்தால் அந்த இடத்தில் வரிகள் மழுங்கிப்போயிருக்கும். சில காசுகளில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் வரி அழிந்து பொட்டு மாதிரி இருக்கும். அது போலியாக இருக்க வேண்டும் என்றில்லை, மாலையில் கோப்பதற்காக வளையம் பற்றவைத்து எடுத்த தழும்பாகவும் இருக்கலாம். காசு அசல்தான், சேகரிப்பவரிடம் விலை மட்டும் குறையும்.

வார்ப்பில் பின்புலமும் காட்டிக்கொடுக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள், எழுத்துகளின் ஓரம் சோப்புக்கட்டி தேய்ந்த மாதிரி உருண்டு இருக்கும். அச்சில் அடித்த காசு எவ்வளவு தேய்ந்தாலும் எழுத்து தரையிலிருந்து நிமிர்ந்து எழும் இடத்தில் ஒரு கூர்மை மிச்சமிருக்கும்.

உங்களிடம் ஆறு காசு இருப்பது ஒரு வசதி. ஆறையும் வரிசையாக வைத்து ஒரே வெளிச்சத்தில் பாருங்கள். ஜார்ஜின் கன்னத்தில் ஒரு கீறல், அதே இடத்தில் அதே நீளத்தில் இரண்டாவது காசிலும் இருந்தால் முடிந்தது கதை. இரண்டும் ஒரே தாய்க்காசிலிருந்து எடுத்த வார்ப்பு.

1947 ரூபாய்க் காசு காந்தத்தில் ஒட்டுகிறது. போலியா? – வாசகர், சிவகாசி

இல்லை. பின்பக்கம் புலி இருக்கிறதா? அந்த ரூபாய் நிக்கலில் அடித்தது, நிக்கல் காந்தத்தில் ஒட்டும். ஒட்டாவிட்டால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். 1946, 47 அரை ரூபாய், கால் ரூபாய்க்கும் இதேதான். விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒட்டினால் அது போலிதான்.

பத்தாம் வகுப்பு படிக்கிறேன் சார். 1911 'பன்றி ரூபாய்' என்று ஒன்று சொல்கிறார்களே, அது என்ன, அதிலும் போலி உண்டா? – மாணவர், விருதுநகர்

உண்டு தம்பி, எனக்கே தெரியும், ஒன்று வாங்கி ஏமாந்தவன் நான்.

ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்ததும் 1911இல் அடித்த ரூபாயில் அவர் அங்கி மேல் ஒரு மாலை, அதில் ஒரு யானை. யானையின் தும்பிக்கை குட்டையாகப் போய் அது பன்றி மாதிரி தெரிந்தது. முஸ்லிம்களிடம் மனவருத்தம் கிளம்ப, வெளியே போகாமல் இருந்தவற்றைப் பெரும்பாலும் உருக்கிவிட்டார்கள், 1912 முதல் யானையைத் திருத்தித் தும்பிக்கையும் காதும் தெளிவாக வரும்படி அடித்தார்கள். அதனால் 1911 ரூபாய் குறைவு, 1912 முதல் வந்தவை ஏராளம்.

இப்போது போலிக்காரர் என்ன செய்வார்? மலிவான 1912 ரூபாயை எடுத்துக் கடைசி 2ஐச் செதுக்கி 1 ஆக்கிவிடுவார். வெள்ளி அசல், எடை அசல், விளிம்பு அசல், தண்ணீர்ச் சோதனையிலும் முதல் மாணவனாகத் தேறிவிடும். ஒரு கண்காட்சியில் என் கைக்கு வந்தது இப்படிப்பட்டதுதான். கடைக்காரர் மிகவும் மரியாதையாகப் பேசினார், நான் ஆண்டைப் பார்த்தேன், எடை போட்டேன், சந்தோஷமாகப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து ராத்திரி மேஜை விளக்கில் லென்ஸை வைத்தால், மாலையில் ஒரு லட்சணமான யானை, நீளமான தும்பிக்கையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது! 1911இல் அந்த யானை பிறக்கவே இல்லையே. பிறகு ஆண்டைப் பார்த்தால் கடைசி 1ஐச் சுற்றி மட்டும் தரை லேசாகப் பள்ளமாகவும் பளபளப்பாகவும் இருந்தது. இதைக் கடையிலேயே பார்த்திருக்க வேண்டும், ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

ஆகவே நீ 1911ஐப் பார்த்தால் ஆண்டைப் படிக்காதே, யானையைப் பார்.

1939 ஆறாம் ஜார்ஜ் ரூபாய் அபூர்வம் என்கிறார்கள். ஒன்று வந்திருக்கிறது, எதைப் பார்க்க வேண்டும்? – வாசகர், ஈரோடு

கடைசி 9ஐ. அதே உருவத்தில் 1938 ரூபாய் நிறையக் கிடைக்கிறது, அதில் 8இன் கீழ்வட்டத்தைக் கொஞ்சம் சுரண்டினால் 9 ஆகிவிடும். இரண்டு 9களையும் லென்ஸில் ஒப்பிடுங்கள், வால் வளைவும் உயரமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

1940 ரூபாயைத் திருத்தியிருந்தால் அதைப் பிடிப்பது இன்னும் சுலபம். அந்த வருடம் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள், கூடவே கள்ளக்காசைத் தடுக்க விளிம்பின் நடுவே ஒரு பள்ளம் எடுத்து அதற்குள் ஒரு வடிவத்தையும் வைத்தார்கள். 1939இல் அது கிடையாது, சாதாரண வரி விளிம்புதான். தண்ணீரில் போட்டாலும் 1940க்கு அடர்த்தி ஒன்பதரைதான் வரும், 1939க்குப் பத்தைத் தாண்டும். பெரிய தொகை என்றால் இவ்வளவும் பார்த்த பிறகும் விவரம் தெரிந்த இன்னொருவரிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

என்னிடம் உள்ள காசில் விக்டோரியா தலை, பின்னால் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1875. அபூர்வ ரகமா? – வாசகர், தூத்துக்குடி

அபூர்வக் கற்பனை. 1858இல் கம்பெனி ஆட்சி முடிந்துவிட்டது, 1875இல் அதன் பெயரில் காசு அடிக்க யாரும் இல்லை. விக்டோரியா படத்தோடு கம்பெனி ரூபாய் உண்டு, ஆனால் அதில் ஆண்டு 1840 என்றுதான் இருக்கும். 1862 முதல் 'விக்டோரியா குயின்', 1877 முதல் 'எம்ப்ரெஸ்'. ஏழாம் எட்வர்ட் ரூபாய் 1903இல் ஆரம்பம். எட்டாம் எட்வர்ட் முகம் போட்ட ரூபாய் இந்தியாவில் புழக்கத்துக்கு வரவே இல்லை, அதைக் காட்டி யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். இந்த நாலைந்து ஆண்டுகளை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டால் தராசை எடுக்க வேண்டிய வேலையே பாதி மிச்சம்.

ஐஸ் கட்டி வைத்தால் உடனே உருகினால் வெள்ளி என்று ஒரு வீடியோ பார்த்தேன். சுண்டிப் பார்ப்பது, ஆசிட் விடுவது இதெல்லாம்? – வாசகி, சேலம்

ஐஸ் செம்பிலும் சீக்கிரமே உருகும், வெள்ளி முலாம் பூசிய செம்பு அந்தப் பரீட்சையில் ஜம்மென்று தேறிவிடும். சுண்டிப் பார்ப்பது காசு மாற்றித் தரும் பழைய சராப்புகளின் வித்தை, வெள்ளி நீளமாக ரீங்கரிக்கும், ஈயம் கலந்தது 'டொக்' என்று அடங்கும். பழகிய காதுக்குப் பயன்படும், ஆனால் நல்ல காசில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் 'டொக்' தான், கீழே போட்டு நசுக்கிவிடாதீர்கள். ஆசிட் வேண்டவே வேண்டாம். அசலாக இருந்தால் கறை விழுந்து மதிப்புப் போகும். ஹால்மார்க் மையத்தில் எக்ஸ்-ரே கருவியில் வைத்துக் கேளுங்கள், காசுக்குச் சேதமில்லை. ஆனால் அந்தக் கருவி மேற்பரப்பைத்தான் படிக்கும், தடித்த முலாம் அதையும் ஏமாற்றலாம், தவிர பழைய தேய்ந்த காசுகளை உருக்கி அந்த வெள்ளியிலேயே செய்த போலிக்கு அது நற்சான்றிதழே கொடுத்துவிடும்.

அம்மா வெள்ளிக் காசுகளை விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டார். இப்போது வாங்க வந்தவர் போலி என்கிறார். – வாசகர், மதுரை

அம்மாவைத் திட்டாதீர்கள், லட்சுமி பூஜைக்கு வைக்கும் காசை யாரும் கறுப்பாக வைத்திருக்க மாட்டார்கள். தேய்த்த வெள்ளிக்கு வரும் பளபளப்பு வேறு, புதுக்காசின் மினுக்கு வேறு. தேய்த்ததில் லென்ஸ் வழியாகப் பார்த்தால் மயிரிழை மாதிரி கோடுகள் வட்டம் வட்டமாக ஓடும். எடை, தண்ணீர், விளிம்பு மூன்றும் சரியாக இருந்தால் காசு அசல்தான். வந்தவர் விலையைக் குறைப்பதற்காக அப்படிச் சொல்லியிருக்கவும் வாய்ப்புண்டு. இனிமேல் புளி, பற்பசை, விபூதி எதுவும் வேண்டாம், செம்புக் காசின் களிம்பையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

கம்பெனி காசில் சாமி படமே கிடையாது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். என் தாத்தா வைத்திருந்த வெள்ளிக் காசில் கோபுரமும் பெருமாளும் இருக்கிறதே? – வாசகர், கும்பகோணம்

அவர் மேலே தேனி வாசகர் கேட்ட ராமர் காசைப் பார்த்துச் சூடுபட்டவராக இருக்கும். நம் சென்னை மாகாணத்தில் கதையே வேறு. இங்கே மக்கள் வராகன் என்ற தங்கக் காசுக்குப் பழகியிருந்தார்கள், அதனால் கம்பெனியும் பெருமாளைப் போட்டுத்தான் காசு அடித்தது. மூன்று சாமி வராகனில் பெருமாளும் தாயார் இருவரும், நட்சத்திர வராகனில் ஒரு பக்கம் பெருமாள், மறுபக்கம் நட்சத்திரம். 1808ஐ ஒட்டி வெள்ளியில் அடித்த அரை வராகன், கால் வராகனில் ஒரு பக்கம் கோபுரம், சுற்றி நட்சத்திரங்கள், மறுபக்கம் தாமரையில் எழும் பெருமாள், ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நாலு மொழி எழுத்தும் இருக்கும். உங்களுடையது இதுவாக இருக்கலாம். தமிழ் எழுத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள், வார்ப்புப் போலிகளில் முதலில் கூழாகிப்போவது அந்த எழுத்துகள்தான். சந்தேகம் இருந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் அசல்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், போட்டோவில் நூறு முறை பார்ப்பதைவிட நேரில் ஒருமுறை பார்ப்பது கண்ணுக்குப் பாடம்.

தங்க வராகன் விஷயத்தில் மட்டும் வீட்டுச் சோதனையை நம்பாதீர்கள். மூன்றரை கிராம்கூட வராத குட்டிக் காசு, தண்ணீர்ச் சோதனையில் சின்னப் பிசகும் பெரிய வித்தியாசம் காட்டும்.

ரிசர்வ் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, பழைய காசை நல்ல விலைக்கு எடுக்கிறோம், முதலில் வரி கட்டுங்கள் என்கிறார்கள். – வாசகி, திருநெல்வேலி

போனை வையுங்கள். பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது.

போலி என்று தெரிந்துவிட்டது. கொடுத்தவர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். வேறு யாரிடமாவது தள்ளிவிடலாமா? – பெயர் வேண்டாம், கோவை

உங்களுக்கு நடந்ததை இன்னொருவருக்குச் செய்யத்தான் பெயர் வேண்டாம் என்றீர்களா? ரசீது இருந்தால் நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது, இல்லாவிட்டால் அடுத்த முறை ரசீது இல்லாமல் வாங்காதீர்கள், அதில் ஆண்டும் உலோகமும் எழுதச் சொல்லுங்கள். காசைத் தூக்கிப் போடவும் வேண்டாம், அசலோடு ஒப்பிட்டுப் பழக நல்ல சரக்கு. என்னுடைய அழகான யானைக்காரன் இன்னும் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறான். உறை மேல் சிவப்பு மார்க்கரில் 'போலி' என்று எழுதி, கொடுத்த விலையையும் பக்கத்திலேயே போட்டு வைத்திருக்கிறேன்.